நாற்பத்தொன்றாம் சுருள், இருபத்திரண்டாம் படம்

பகலெல்லாம் சார்பதிவாளர் அலுவலகம்.
யாரோ வாங்கிய மனைக்கு நான்கெல்லை எழுதி
‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று முடிக்கிற வேலை.
இரவில் அதே கையெழுத்து
கோடு போட்ட வேறொரு நோட்டில்.

சுருள் 41, படம் 22.
வைகாசி ஒன்பது, காலை ஆறு இருபது.
உப்பனாறு, பாலத்துக்குக் கீழண்டை.
அப்பர்ச்சர் நாலு. ஷட்டர் நூற்றிருபத்தைந்து.
மேகமில்லை. வெயிலும் இன்னும் வரவில்லை.
டெவலப்பர் முப்பத்தொரு டிகிரி;
துறைமுகத்து ஐஸில் ட்ரேயை உட்காரவைத்து
இருபத்துநாலுக்கு இறக்கியது.
ஐஸ் எந்தப் பெட்டியிலிருந்து என்றுகூட இருக்கிறது:
கானாங்கெளுத்தி.

அடுத்த பக்கம்.
பிரிண்ட் 1. மூன்றாம் ஃபில்டர், பதினெட்டு நொடி.
ஓட்டை போட்ட அட்டையால்
தண்ணீருக்கு மட்டும் மேற்கொண்டு ஒன்பது,
ஐந்தாம் ஃபில்டரில்.
குறிப்பு: மீன் எடுப்பாகத் தெரிய.

எடுப்பாகத்தான் தெரிந்தது.
மசிக்கறுப்பு ஆற்றில்
வயிறு காட்டி மிதந்தன மடவைகள்.
கன்னியப்பன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
திங்கட்கிழமை மனுவோடு கொண்டுபோனார்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து
ஒரே கேள்விதான் கேட்டாராம்:
தண்ணி நெஜமாவே இவ்ளோ கறுப்பா?

சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்.
“அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வாங்கக்கா.
நேரம் நாழி எல்லாம் குறிப்பீங்களே,
அத காட்டுனா வாயே தொறக்க மாட்டாங்க.”

அவர் போனபின் நோட்டைத் திறந்தேன்.
ஒன்பது என்பது ஒன்பதாகவே இருந்தது.
ஒரு சுழியைச் சேர்த்தால் வேறு எண் ஆகிவிடும் என்பதை
என்னைவிட யார் அறிவார்?
பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால்
முதல் நாளே மூலையில் எண் போட்டு வைத்திருக்கிறேன்,
வேலை பார்க்கிற இடத்துத் தொற்று.

சிவப்பு விளக்கைப் போட்டேன்.
மூன்றாம் ஃபில்டர். பதினெட்டு நொடி.
அந்தப் பதினெட்டும்
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்,
அவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ட்ரேயில் ஆறு மெல்ல வந்தது.
கறுப்பு இல்லை.
அரிசி களைந்த தண்ணீரில் அடுப்புச் சாம்பல் விழுந்த நிறம்.
மீன்களைத் தேடவேண்டியிருந்தது.

காலையில் கன்னியப்பன்
இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
கட்டைவிரலால் எண்ணினார்.
“அதுல முப்பத்தொண்ணு. இதுல பதினாலுதான் இருக்கு.
மிச்சம் எங்கக்கா?”
அங்கேயேதான் என்றேன்.
“ஆத்தோட நிறத்துக்கே போயிட்டுதுங்க.”
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
அப்புறம் நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டார்.
“இதோ ஒண்ணு. கெண்டையா, மடவையா, தெரில.”
பதினைந்து.

அடுத்த திங்கள் இரண்டு படமும் நோட்டும் போயின,
கூடவே நானும், அரைநாள் லீவில்.
அவர் நோட்டைப் புரட்டினார்.
ஒன்பது நொடியில் நிற்பார் என்று
உள்ளங்கை வேர்த்தது.
கானாங்கெளுத்தியில் நின்றார்.
“இது எதுக்கும்மா?”
ஐஸ் சார் என்றேன்.
தலையாட்டி அடுத்த பக்கம் போனார்,
அந்த வரிக்கு வந்தார், இரண்டுமுறை படித்தார்,
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
“நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க.”
ஆமாம் சார்.

வேறொன்றும் கேட்கவில்லை.
முத்திரை விழுந்தது, ரசீது வந்தது,
வரிசை நகர்ந்தது.

இரவு எழுதியது:
பிரிண்ட் 2. பதினெட்டு நொடி. கை படவில்லை.
மனு எண் 1187.
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்தேன்.
அங்கே ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.
அதை அடிக்கவில்லை.