அறுபத்தாறு அடி

சங்கிலியின் முன்முனை எனக்கு,
பின்முனை லாசருக்கு.
நாட்டுக்கு ஒன்பது வயது.
ராஜ்ஜியம் மேற்கே எதுவரை என்று
நாங்கள் நடந்துதான் சொல்ல வேண்டும்,
அறுபத்தாறு அடி, அறுபத்தாறு அடியாக.

களியக்காவிளைச் சந்தையில்
இணைப்புக்கு வெடி போட்ட அன்று
ஒரு மாடு கயிறறுத்து ஓடிற்று.
சொந்தக்காரன் அதைக் கேரளத்தில் பிடித்து
சென்னை ராஜ்ஜியத்துக்கு ஓட்டி வந்தான்.

சர்வேயர் சிதம்பரதாணு சார் படித்தவர்.
“அமெரிக்காவில் மேற்கே அளந்ததும்
இதே நீளச் சங்கிலிதான் டே.
துப்பாக்கியைச் சொல்லுவான்,
இதைச் சொல்லமாட்டான்.”
லாசர் சிரித்தான்:
“இங்க ஆரைச் சுட? ரப்பர் மரத்தையா?”

பேச்சிப்பாறைக்கு மேலே
மழை, அட்டை, பிறகு புகை.
காணிக் குடிலில் மாத்தன் என்றொருவன்
அவித்த மரச்சீனி தந்தான்,
காந்தாரி மிளகு நசுக்கி.
அவன் மகள் சங்கிலிக் கண்ணிகளை எண்ணினாள்.
நூறு வரை போகவில்லை.
நாற்பதில் கையில் பிடித்தபடியே
உறங்கிப்போனாள்.

அவன் விளையின் நடுவே
கல் நட்டோம்.

அரிக்கேன் வெளிச்சத்தில் சார் எழுதினார்:
பாறை. ஓடை. தேக்கு இரண்டு.
குடியிருப்பு: இல்லை.

“சார்…” என்றேன்.
இலையில் கிழங்குத் தொலி கிடந்தது.
“பட்டா உண்டா டே அவனுக்கு?”
பேனா நிற்கவில்லை.

விடியலில் சங்கிலியை விரித்தால்
ஒரு கண்ணி வளைந்திருந்தது.
எண்ணிப் பார்த்தேன், நாற்பதாவது.
சாரிடம் சொல்லவில்லை.
லாசரும் பார்த்தான், அவனும் சொல்லவில்லை.

அங்கிருந்து நாங்கள் அளந்ததெல்லாம்
ஒரு நூல் பிழை.