மூன்றாவது தீர்மானம்

பிரியாணிக் கடைத் திறப்புவிழா பேனரின்
வெள்ளை முதுகு மேலே தெரிய
ரேஷன் கடை மாடியில் விரித்தோம்.
மூலைக்கொரு செருப்பு, பறக்காமலிருக்க.

வலது ஓரம் முழுக்கக் காடு.
பச்சை மார்க்கர் தீர்ந்துபோனதால்
நீலத்தில் வரைந்தாள் கமர்நிஷா.
"கடலாட்டம் கீது" என்றது ஒரு குரல்.
"மாசியில வந்து பாரு, இன்னா கலர்னு."

நன்மங்கலத்தில் புல்
முதலில் சத்தத்தில்தான் காயும்.
அப்புறம் ஒரு பீடித்துண்டு போதும்,
அல்லது தெருக்கோடியில்
நாங்களே கொளுத்தும் குப்பை.

"நாங்களே" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.
செயலாளர் பேனாவை வாங்கி
"சிலர்" என்று திருத்தினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் பொறுப்பு,
இந்தப் பக்கம் உங்களுடையது
என்றார் வனக்காவலர்.
வேலி யாருடையது என்று தேவசகாயம் கேட்க,
டீ வந்துவிட்டது.

ஆறடி அகலத்துக்குப் புல்லை ஒழிப்பதென்று முதல் தீர்மானம்.
தன் பதினேழு ஆடுகளை
அனுப்புவதாகச் சொன்னார் கன்னியப்பன்.
"வெட்டுனா கூலி கேப்பான். இதுங்க இன்னா கேக்கும்?"
அதே ஆடுகள்மேல் போன மாதம்
புகார் எழுதியவர்களும் கை தூக்கினார்கள்.

இரண்டாவது, ராத்திரியில் ஒரு லாரித் தண்ணீர்
நிரம்பியபடி நிற்கும், ஆடி வரைக்கும்.
காசு யார் தருவது?
"எரியாத ராத்திரித் தண்ணிய
காலைல வித்துக்கிறேன் சார்" என்றார் எத்திராஜுலு.

பிறகு யாரோ போன பங்குனியை எடுத்தார்கள்.
மூன்றாம் குறுக்குத் தெருவில்
தீயணைப்பு வண்டி திரும்ப முடியாமல்
பதினோரு நிமிஷம்
அலறிக்கொண்டே நின்றதை.
ஒரு வெள்ளைக் கார்.
யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க எல்லோரும் பட்ட பாடு
எனக்குத் தெரிந்தது.

அன்று ஏசியில் சன்னல் சாத்திக் கிடந்தேன்.
அந்த அலறலைக் கனவில் யாரோ ஒருவரின்
ஆம்புலன்ஸாக்கிப் புரண்டு படுத்தேன்.
காலையில் கண்ணாடி முழுக்கச் சாம்பல்,
அதில் ஒட்டிய ஓர் இறகு,
நடுநரம்பு மட்டும் மிச்சம்.
வைப்பரைப் போட்டேன்.
ஆபீசுக்கு நேரமாகியிருந்தது.

தீர்மானம் மூன்று:
குறுக்குத் தெருவில் வாகனம் நிறுத்தலாகாது.
முன்மொழிபவர் என்ற இடம் காலியாக இருந்தது.
என் கையெழுத்து
என்னைவிட நிதானமாக வந்தது.

பேனரைச் சுருட்டும் முன் கமர்நிஷா,
மூன்றாம் குறுக்குத் தெருவில்
நான் எப்போதோ போட்டிருந்த
சின்னக் கட்டத்தைக் காட்டினாள்.
"இது எதுக்குங்க? அழிச்சிடவா?"

இருக்கட்டும் என்றேன்.