ஒழுகலுக்கு வைத்த சட்டி

ஆடி அமாவாசை அன்றும்
ஃபேக்டரியில் இலை மலையாய்க் குவிந்து கிடந்தது.
லீவு கேட்டேன்.
'மத்தியானம் வரைக்கும் நின்னுட்டுப் போ' என்றார் சூப்பர்வைசர்.
சேரம்பாடியில் எது மத்தியானம் என்று யார் கண்டது,
விடிந்ததிலிருந்து வானம் ஒரே நிறம்.

திலகாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.
பள்ளிக்கூடம் லீவு.
கலெக்டர் மழைக்கு விட்டது, அமாவாசைக்கு இல்லை.

உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மேடேறினேன்.
அந்தோணியம்மா கடையில் வெற்றிலை தீர்ந்துவிட்டது.
கற்பூரம் இருந்தது, நமத்துப்போய்.
பத்தாம் நம்பர் காட்டில் நேற்று ராத்திரி ஒற்றை யானை நின்றதாம்.
அதையும் கேட்டுக்கொண்டேன்.
'ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு,
கோயில்ல யாருகிட்டயாவது சொல்லிச் செஞ்சிருக்கலாமே.'
அதையும்.

கதவைத் தள்ளினால்
படையல் முடிந்திருந்தது.

தலைவாழை இலை, தெற்கு பார்த்து.
சோறு, பருப்பு, வாழைக்காய், பாகற்காய்.
நாலு வடை, ஒன்று கருகியது.
அவர் போட்டோவுக்குச் செவ்வந்தி கிடைக்காமல்
வேலியோரத்து நீலப்பூ.
ஒரு கட்டு பீடி.
அதில் ஒன்றை மட்டும் பாதி உருவி வைத்திருக்கிறாள்,
எடுக்கச் சுலபமாய் இருக்கட்டும் என்று.

நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.
நான் செய்கிறபோதெல்லாம் அவள்
செல்லைத்தான் நோண்டுகிறாள் என்றிருந்தேன்.

விளக்கை இடது மூலையில் ஏற்றியிருந்தாள்.
பழைய லயத்தில் வலது மூலை ஒழுகும்.
திரி நனைகிறதே என்று நான் நகர்த்தியது அது,
எந்தச் சாஸ்திரமும் இல்லை.
பலாச்சுளை படைக்கவில்லை.
பக்கத்து வீட்டில் கொடுத்தது அடுப்படியில்
மூடிபோட்டு இருந்தது.
வாசத்துக்கு யானை வந்து சுவரை முட்டும் என்று
நான் தவிர்த்தது.
அது இப்போதும் நியாயம்தான்.

அப்புறம் அந்தச் சட்டி.
விளிம்பு நசுங்கிய அலுமினியச் சட்டி.
இலைக்கு வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி,
ஒன்றுமில்லாமல்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

தொகுப்பு வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.
கான்கிரீட். இத்தனை மழைக்கும்
தலைக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.
நாளைக்கு இவள் வாழப்போகிற ஊரில்
இவள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வாள்?
செத்தவர்கள் தண்ணீர் குடிக்க என்பாளா,
வெறுமையாய் வைப்பதுதான் முறை என்பாளா,
அவர்கள் அதைப் பித்தளையில் வாங்கி
புளிபோட்டுத் தேய்த்து வைப்பார்களா?

'அது ஒழுகுறதுக்கு வச்ச சட்டி, பாப்பா.'

'தெரியும்.'
தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.
'அடச்சுத் தரேன், அடச்சுத் தரேன்னு
அப்பா சொல்லிட்டே இருந்தாருல்ல.
தாத்தாவுக்குப் படைக்கிறப்ப
டொக்கு டொக்குன்னு விழும்.
அவரு என்னயப் பாத்துக் கண்ணடிப்பாரு.'

எனக்கு அது தெரியாது.
நான் கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

எத்தனை ஆடி.
அந்த ஓட்டைக்காக அவரை
எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

துண்டை வாங்கிக்கொள்ளவில்லை.
கற்பூரம் நாலாவது குச்சியில்தான் பிடித்தது.
விழுந்து கும்பிடக் குனிந்தபோது
முடியிலிருந்து சொட்டியது,
தரையில் நாலைந்து,
சட்டியில் ஒன்று.

திலகா என்னைப் பார்த்தாள்.
நானும் இந்தத் தடவை
கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

காக்கைக்கு வைத்த சோறு மழையில் கரைந்துகொண்டிருந்தது.
கருகின வடையை மட்டும் காணோம்.
எது எடுத்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.
பசி.

பருப்பில் உப்பே இல்லை.
ருசி பார்க்காமல்தான் சமைத்திருக்கிறாள்.