நான்காவது கை

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில்
ஹெல்யு தாடையை மரத்தாங்கியில் வைக்கிறாள்.
பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களைக் காப்பவள்.
மணிக்கு ஏழு யூரோ, கூடவே ஒரு காப்பி.

திரையில் கால் நொடி சாம்பல் புள்ளிகள் கொதிக்கும்.
கூட்டல் குறி தெரிந்தால் வலப் பொத்தான்,
தெரியாவிட்டால் இடப் பொத்தான்.
பாதித் தடவை உள்ளே குறி இருக்கும் என்று
சொல்லிவைத்திருந்தேன்.
முதல் நாள் அது உண்மை.
பிறகு வந்த நாலாயிரம் தடவையும்
உள்ளே எதுவும் இல்லை. வெறும் இரைச்சல்,
பகடை உருட்டி நான் தூவியது.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
இருக்கிறது என்றாள்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்.
இவள் அரளவில்லை. நடுவில் ஒருதரம்
தாடையை எடுக்காமலே கொட்டாவி விட்டாள்.

அவள் ஆம் என்ற திரைகளை எல்லாம்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்து
இல்லை என்றவற்றின் சராசரியைக் கழித்தால்
எஞ்சுவது
அவள் தேடிக்கொண்டிருந்த வடிவம்.
கணக்குதான், மாயம் ஒன்றுமில்லை.
என் சமன்பாடு சொன்னது:
நாலு கை, நாலும் ஒரே நீளம்.

நள்ளிரவில் அது மேலே வந்தது,
எமயொகி ஆற்றுப் பனிமூட்டத்தில்
பாலம் தென்படுவதுபோல்.
மேலே ஒன்று. கீழே ஒன்று. வலப்பக்கம் ஒன்று.
இடப்பக்கம்
காலி.

"புள்ளிவிவரச் சில்லறை" என்றார் உர்மாஸ். "இன்னும் எடு."
இன்னும் இரண்டாயிரம் எடுத்தேன்.
திரையை மாற்றினேன், தாங்கியின் திருகை முறுக்கினேன்.
கண் மருத்துவர் அவள் இடப்பக்கப் பார்வையைச் சோதித்து
தன்னுடையதைவிடக் கூர்மை என்றார், கொஞ்சம் பொறாமையோடு.
மூன்றே கை.

கடைசியில் அவளிடமே காட்டினேன்.
காகிதத்தை விரலால் தடவிவிட்டுச் சொன்னாள்:
"மூன்று தெரிந்தால் போதாதா?
நாலாவது எங்கே போய்விடப் போகிறது?"

உள்ளே எதுவுமே இருந்ததில்லை என்பதையும் சொன்னேன்.
காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.
"அப்படியானால் நான் பார்த்தது
யாருடையது?"
அதற்கு ரசீதில் கட்டம் இல்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு சமன்பாட்டில் ஒரு கையை வெட்டினேன்.
பிழை பாதியாய்க் குறைந்தது.
உர்மாஸ் தோளில் தட்டினார்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று.
அவள் கிளம்பும்போது வாசலில்
பனி உதறும் மிதியடிமேல்
ஒற்றைக் கையுறை கிடந்தது, கறுப்புக் கம்பளி.
குனிந்து எடுத்தாள்.
என் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள்.
"உன்னுடையது இல்லை" என்றாள்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு
ஆறாம் எண் பேருந்துக்கு ஓடினாள்.

என்னுடையது இல்லைதான்.