உள்ளூர்க் கட்டணம்

பலகையில் இரண்டு விலை.
குடிமக்களுக்குப் பத்து ரிங்கிட்,
மற்றவர்க்கு இருபது.
அதற்குக் கீழே என்னவோ இருக்கிறது,
பிளாஸ்டிக் ஆர்க்கிட் மறைக்கிறது.

எனக்கு முன்னால் நிலுஃபர்.
சமர்கந்துக்காரி,
ஆய்வகத்தில் என் அடுத்த மேசை.
அவள் பூனைக்கண்ணைப் பார்த்ததுமே
கவுண்டர்ப் பெண் ஆங்கிலத்துக்கு மாறி
இருபது என்றாள்.
அடுத்து என் முகம்.
வர்காநெகாரா? என்றாள். குடிமகளா?
தலையை ஆட்டினேன்.
ஆமென்றும் இல்லையென்றும்
கேட்டவர் வசதிக்கு எடுத்துக்கொள்ளும்
நம்மூர் ஆட்டல்.
பத்தை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்தாள்.

நான் பொய் சொல்லவில்லை.
என் மூக்கு சொன்னது.

பினாங்குக்கு வந்து ஏழு மாதம்.
சனிக்கிழமை என்றால்
கொம்தாரில் பேருந்து இறங்கி
ஏதாவதொரு பழைய வீட்டுக்குள் நுழைந்துவிடுவோம்.
சிப்பி பதித்த, யாரும் உட்காராத நாற்காலிகள்.
கோட்டைச் சுவரில் கடலை முறைக்கும் பீரங்கி.
சீனக் கோயில் கூரையில்
மழையிலும் சண்டையை நிறுத்தாத
பீங்கான் குதிரைவீரர்கள்.
நிலுஃபர் எதற்கும் அசரமாட்டாள்.
"இருநூறு வருஷமா?
எங்கள் ஊரில் அது புதுவீடு."

இன்று மாடியில்
ஏசி மட்டும் பேசும் அறையில்
கண்ணாடிக்குள் ஒரு தகரப்பெட்டி.
மூடியில் வெள்ளை எழுத்து:
வி.கா. நாகை.
இடம் போதாமல் கடைசி எழுத்து
விளிம்பில் இடுங்கி நிற்கிறது.
பூட்டு இருக்கிறது. சாவி இல்லை.
டெக்குப் பயணியின் பெட்டி,
உரிமையாளர் தெரியவில்லை
என்கிறது அட்டை.

மலாயிலும் அது பெத்திதான்.
கட்டில் இங்கே காத்தில்,
கப்பல் காப்பால்.
சொற்கள் இறங்கிக் குடியுரிமை வாங்கிவிட்டன.
வி.கா. மட்டும் இன்னும்
தெரியவில்லை.

காத்தமுத்துவா, காளியம்மையா,
வில்வத்தின் மகனா, வீராயி மகளா?
கடவுச்சொல் மறந்தவள் போல
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.
திறக்கவில்லை.

நான் படிப்பது வண்ணப்பூச்சு வேதியியல்.
இந்த வெள்ளை ஏன் இன்னும் உதிரவில்லை என்று
மூன்று பக்கம் எழுதுவேன்.
எண்ணெய், ஈயம், தகரத்தின் மேல் அதன் பிடிமானம்.
எழுதியவர் கடலைப் பார்த்தபடி எழுதினாரா
என்று கேட்டால்
ஒரு வரி வராது.

திருமருகலிலிருந்து நாகைக்கு
அரை மணி நேரம்.
சென்னையிலிருந்து இங்கே நாலு மணி நேரம்,
அதில் பாதி தூக்கம்.
என் பெட்டி இரண்டு கிலோ கூடியதற்கு
விமான நிலையத்தில் அழாத குறை.

அப்போது தோன்றியது:
கீழே என்னை உள்ளே விட்ட முகம்
இவர்கள் கப்பலில் கொண்டுவந்து
இந்தத் தெருக்களில் பழக்கிவைத்த முகம்.
மீதிப் பத்தை
என்றைக்கோ கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உடனே கூசியது.
பத்து ரிங்கிட் மிச்சம் பிடித்ததற்கு
இவ்வளவு பெரிய நியாயமா?

இறங்கிப் போய் நோட்டை நீட்டினேன்.
மன்னிக்கவும், நான் வெளிநாடு. மாணவி.
அவள் என்னைப் பார்த்தாள்.
ஆர்க்கிட்டை நகர்த்தினாள்.
மாணவர் அட்டை இருந்தால்
எந்த நாட்டுக்கும் பத்துதான்.
என் நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு
நிலுஃபருக்குப் பத்தை எண்ணிக் கொடுத்தாள்.

"உன் மனசாட்சிக்கு நன்றி,
இரண்டு கிண்ணம் செண்டோல் வருகிறது" என்றாள் நிலுஃபர்.

வாசலில் வருகையாளர் ஏடு.
பெயர், ஊர், நாடு.
முன்னெழுத்தை விரித்து
அப்பா பெயரையும் முழுசாய் எழுதினேன்.
ஊர்க் கட்டம் குறுகல்.
திருமருகல் என்று தொடங்கி
'கல்' விளிம்பில் இடுங்கியது.

நிலுஃபர் பேனாவைப் பிடுங்கினாள்.
அவள் சமர்கந்து
கோட்டைத் தாண்டி
நாட்டின் கட்டத்துக்குள் பாதி போய்விட்டது.