முத்தல்

கடையில் புகையிலைத் துண்டு
நூறு ரூபாய் ஆன மாதம்
விதை என்று ஒரு மடித்த தாளைத் தந்தாள் தெய்வானை.
பிரித்தேன், சாம்பல் மாதிரி.
ஒரு தும்மலில் பாதி போச்சு.

மிச்சத்தை மாஜரின் டின்னில் தூவி
மண் மூடாமல் வைத்தேன்.
மூடினால் முளைக்காதாம்.
பதினோராம் நாள் பச்சையாய் ஏதோ படர்ந்தது.
பாசி என்று கவிழ்க்கப் போனார் வீட்டுக்காரர்.

ஆடி மழை விட்டதும்
லயத்துக் கோடியில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில்
ஒன்பது கன்று.
ஐந்தை நத்தை தின்றது,
வெற்றிலை பாக்கு கூட இல்லாமல்.

நாலும் இடுப்புக்கு வந்தன.
தொட்டால் பிசின்.
"என்ன கீரை?" என்றார் கணக்கப்பிள்ளை.
மாட்டுக்கு என்றேன்.
எங்களிடம் மாடு இல்லை.

மொட்டைக் கிள்ளிப் போடு,
கக்கத்தில் வரும் கொழுந்தையும் கிள்ளிப் போடு,
தடித்த இலையை விடு
என்றிருந்தாள் தெய்வானை.

இருபத்தாறு வருஷம்
கொழுந்தைக் கூடைக்குப் போட்ட விரல்.
தராசடியில் முத்தல் கண்டால்
ரெண்டு கிலோ கழிப்பார்கள்.
முதல் கொழுந்தை மண்ணில் போட்டுவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்,
யாராவது நிற்கிறார்களா என்று.

இப்போது அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது.
மஸ்கெலியாப் பனியில் போர்வையே காயாது,
இது எங்கே காய?
ஓரம் பழுப்பு. நடுநரம்பு இன்னும் ஈரம்.

பொறுக்கவில்லை.
நேற்று ஒரு துண்டு பிய்த்துச்
சுண்ணாம்போடு அடக்கினேன்.
எதிர் மலை ஒரு சுற்றுச் சுற்றி
அதே இடத்தில் வந்து நின்றது.

துப்பினேன்.
பிறகு இன்னொரு துண்டு பிய்த்தேன்.