பன்னிரண்டு பேர் சேர்ந்தால்

சாங்கித் துறையில் பதினொரு பேர்.
பன்னிரண்டு ஆகாமல் படகு நகராது,
உபின் தீவின் முதல் சட்டம் அது.
இல்லாத ஆளின் காசையும் நானே கொடுத்தேன்.
மீதிச் சட்டங்கள் என் பையில் இருந்தன.

மின்சாரக் கணக்கு எண்?
ரொஹாயா ஜெனரேட்டரைக் கை காட்டினார்.
தண்ணீர் மீட்டர்?
கிணற்றில் வாளி விழும் சத்தம்.
வீட்டில் எத்தனை பேர்?
"நானும் தம்பியும். அவனுக்கு டயாலிசிஸ்,
பாதி வாரம் தெம்பனிஸில்.
பாதியாய் எழுதிக்கொள்."
பாதி ஆளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறந்த மண்ணுக்கு
தற்காலிகக் குடியிருப்பு உரிமம்.
'செமெந்தாரா' என்று மலாயில் விளக்கினேன்.
"அறுபத்தெட்டு வருஷமாகவா?"
கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு
எங்கள் இருவருக்கும் நடுவே போனது,
எந்த உரிமமும் இல்லாமல்.

சாயங்காலம் துறையில் நான் மட்டும்.
படகுக்காரர் ஆ ஹெங் விரல்களை விரித்துக் காட்டினார்:
பன்னிரண்டு பேர், அல்லது பன்னிரண்டு பேர் காசு.
எதிரே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன,
ஒவ்வொன்றிலும் இத்தீவைப்போல் ஏழெட்டுத் தீவு ஜனம்.

மருந்துப் பையோடு ஒருவர் வந்து
பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.
ரொஹாயாவின் அதே மூக்கு.
பலகை அவர் பக்கம் தாழ்ந்தது.

முழு ஆள்தான்.
இன்னும் பத்துப் பேர்.